சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்

வைரக்கண்ணுவைப் பார்க்கப் போனவர்கள் அந்த மழைக்காலம் முழுக்கத் தலையைச் சீவிக்கொண்டுதான் போனார்கள். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிற லட்சணமா இது என்று கேட்காதீர்கள். அங்கே போனால் படம் எடுத்துவிடுவார். ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே வைப்பதற்குள், "அந்தச் சேர்ல ஒக்காரு. மூஞ்ச கொஞ்சம் வாசப்பக்கம் திருப்பு" என்று கட்டிலில் சாய்ந்தபடியே கேமராவைத் தூக்கிவிடுவார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் குடல் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு வந்து படுத்திருக்கிற மனிதர் சொல்லும்போது யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்?

குத்தாலம் கடைத்தெருவில் 'வளவன் ஸ்டுடியோ' என்றால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். வளவன் அவருடைய மகன், இப்போது ஓசூரில் வேலை. வைரக்கண்ணுவின் அப்பா ஒரு மிராசுதார் பண்ணையில் ஆளாக இருந்து, நாற்றுக்கட்டு சுமந்தே முதுகு வளைந்து போய்ச் சேர்ந்தவர். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. படையல் போடுகிற அன்றைக்குச் சுவரில் மாட்ட முகம் இல்லாமல் வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அந்த ஆத்திரத்தில்தான் வைரக்கண்ணு கேமரா பக்கம் போனார். மாயவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, வாங்காத திட்டெல்லாம் வாங்கித் தொழில் பழகி, தன் தெருவிலிருந்து முதல் ஆளாகக் கடைத்தெருவில் பலகை மாட்டினார். அப்புறம் தெருவில் வயசானவர் யாரையும் விட்டதில்லை. பிடித்து உட்கார வைத்து, ஓசியிலேயே எடுத்துக் கொடுப்பார்.

ஊரில் யார் செத்தாலும் முக்குக்கு முக்கு கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கிறார்களே, அதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்திருப்பார்கள், செத்தவர் தோளில் யார் கையோ தொங்கும். கீழே வரிசையாக வட்ட வட்டமாக நண்பர்களின் தலைகள், அதிலும் பாதிப் பேர் கூலிங் கிளாஸோடு. "உசுரோட இருக்கறப்ப ஒரு நல்ல படம் எடுத்து வைக்க ஒருத்தனுக்கும் துப்பு இல்ல. செத்தப்புறம் இந்தக் கோலத்துல கொண்டாந்து ரோட்டுல நிறுத்துறானுவ!" என்று நடுத்தெருவில் நின்று கத்துவார். பக்கத்துக் கடைக் குஞ்சிதபாதம்தான் ஓடிவந்து, "டேய், செத்தவன் வீட்டுக்காரன் காதுல விழப்போவுதுடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

குஞ்சிதபாதம் உரக்கடை வைத்திருக்கிறார். நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நிற்கிற ஆள். கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதிலிருந்து சாவுக்குப் பேனர் அடிப்பதுவரை ஊர் அவரைத்தான் கேட்கும். ஸ்டுடியோவும் உரக்கடையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தவர்கள். குஞ்சிதபாதத்தின் மகள் எழில்மொழியைத் தொட்டிலில் போட்ட அன்றிலிருந்து வைரக்கண்ணுதான் எடுத்து வருகிறார். காதுகுத்து, சடங்கு, காலேஜில் பட்டம் வாங்கியது, எல்லாம் அவர் எடுத்ததுதான். அவளுக்குத் தையில் கல்யாணம் என்று முடிவான அதே வாரத்தில்தான் இவருக்குக் கட்டி என்று முடிவானது.

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது குஞ்சிதபாதம் ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடிவந்தார். "தையில எழிலு கல்யாணத்துக்கு நீதான்டா கேமரா புடிக்கணும். படுத்துக்கிட்டேன்னு டிமிக்கி குடுத்தே, கொன்னுபுடுவேன்" என்றார். வைரக்கண்ணு கண்ணை மூடினது அந்தச் சொல்லோடு, கண்ணைத் திறந்ததும் அந்தச் சொல்லோடுதான். மாத்திரை ஊசியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தை வரைக்கும் தேறிவிட வேண்டும், அந்தப் பெண் கழுத்தில் தாலி ஏறுகிற நேரம் கேமரா தன் கையில் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. "எப்படி இருந்த ஆளு!" என்று வாசலிலேயே ஆரம்பிப்பார்கள். மளிகைக்கடை காதர் மைதீன் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தொடையைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வைரக்கண்ணு, மனைவி அம்சத்திடம் கேமராவைக் கேட்டு வாங்கி, "பாய், சும்மா ஊதாதீங்க. அந்தச் செவப்புச் சேரை இழுத்துப் போட்டு நிமுந்து ஒக்காருங்க" என்றார். காதர் மைதீன் உடனே தொப்பியைச் சரி செய்துகொண்டார். தாடியை நீவிவிட்டுக்கொண்டார். மூஞ்சியில் இருந்த துக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அன்றைக்கு வைரக்கண்ணுவுக்கு வழி கிடைத்துவிட்டது. கேமராவுக்கு முன்னால் உட்காருகிறவனுக்குத் தன் மூஞ்சியைப் பற்றித்தான் கவலை, எதிரே இருப்பவனின் நோயைப் பற்றி இல்லை. அதன் பிறகு வந்தவர் ஒருத்தரையும் விடவில்லை. பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டிச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, வாசல் வழியாக வருகிற சாய்ந்த வெளிச்சம், அவ்வளவுதான். எடுத்ததைத் திருத்தி அன்றைக்கே அவரவர் போனுக்கு அனுப்பிவிடுவார். ஊசி போட்டு முடியெல்லாம் கொட்டி, கேமராவின் கனம் தாங்காமல் கை நடுங்கிய நாட்களில் தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கேமராவை வைத்துக்கொண்டு எடுத்தார்.

கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஐப்பசி அடைமழையில் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடவு வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற நடராசன் திருவிடைமருதூரிலிருந்து பஸ் ஏறி, இஸ்திரி போட்ட சட்டையை மடிப்பு கலையாமல் பையில் கொண்டுவந்து இங்கே மாற்றிக்கொண்டார். "பாத்தியா அம்சம், எனக்கு எத்தன பேரு! இவ்ளோ பேரு தேடித் தேடி வர்றப்ப நான் எங்க போயிடுவேன்?" என்று வைரக்கண்ணு மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எல்லாப் படங்களையும் சேர்த்து ஒரே சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டுவேன் என்பார்.

அம்சத்துக்கு வேறொரு கண்டிப்பு இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்வதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நடராசன் ஒரு நாள் பேசாமல் எழுந்து நடந்துவிட்டார். அம்சம் கரண்டியும் கையுமாக வாய்க்கால் பாலம் வரை ஓடி, "அண்ணே, சொல்லிக்காம போறீங்களே, இது என்ன எழவு வீடா? திரும்பி வந்து சொல்லிட்டுப் போங்க" என்று மழையில் அவரை வீட்டுக்கே கூட்டிவந்து, "வர்றேன் வைரக்கண்ணு" என்று சொல்ல வைத்துத்தான் விட்டாள். நடராசன் பஸ்ஸை விட்டார். வைரக்கண்ணு தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

குஞ்சிதபாதம் அடிக்கடி வருவார். முடி கொட்டுவதற்கு முன்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சூட்டிலேயே, ஒரு நாள் தன் போனை எடுத்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரையும் நீ எடுக்குற. ஒன்ன எவன்டா எடுத்தான்?"

"என்னய எதுக்குடா?"

"ஆதார் கார்டைத் தவுத்து ஒனக்கு ஒரு படம் உண்டா? எந்திரி. தங்கச்சி, ஒரு வெள்ளச் சட்ட எடுங்க."

கைத்தாங்கலாக அவரை எழுப்பிச் சிவப்பு நாற்காலியில் உட்கார வைத்து, சட்டையின் மேல் பொத்தானைத் தானே போட்டுவிட்டு, காதோரம் முடியை ஒதுக்கிவிட்டு, "சிரி. ரொம்ப வேணாம், லேசா" என்று எடுத்தார். அவர் போனபிறகு வைரக்கண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். "இத்தன வருசமா ஊரு பூரா எடுத்தேன் அம்சம். எனக்கு ஒண்ணு எடுக்கணும்னு அவனுக்குத்தான் தோணியிருக்கு, பாத்தியா" என்றார். அம்சமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, நோய் இருந்த தடமே தெரியவில்லை என்றார். அம்சம் அங்கேயே கும்பிட்டு விழப்போனாள். வீடு வந்ததும் குஞ்சிதபாதத்துக்குப் போன் போட்டார் வைரக்கண்ணு. "அடடா! நல்ல சேதிடா, நல்ல சேதி" என்றார் அவர். குரல் என்னவோ தடுமாறின மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அப்படித்தான் இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

தை பிறந்த வாரம், அம்சம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். சம்பா கதிர் பழுத்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிறவர்களெல்லாம் கை காட்டினார்கள். முதலில் ஜாபிர் கடைக்குப் போய்ப் படங்களை ஒன்று சேர்க்கக் கொடுத்துவிட்டு, அப்படியே கல்யாண வீட்டுக்குப் போய் எந்த இடத்தில் எப்படி நின்று எடுப்பது என்று பார்த்துவிட்டு வரலாம் என்று கணக்கு.

ஜாபிர் பிளக்ஸ் பேனர் அடிப்பவன். போட்டோ வேலை கொஞ்சம் வைரக்கண்ணுவிடம் கற்றுக்கொண்டவன்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சந்தோஷமாகத்தான் நின்றான், ஆனால் மூஞ்சி வெளுத்திருந்தது.

"வாங்கண்ணே, ஒக்காருங்கண்ணே. டீ சொல்லவா?"

"டீ கெடக்கட்டும். என்னயப் பாக்க வந்தவங்க படமெல்லாம் இதுல இருக்கு. ஒரே சட்டமா போட்டுத் தா" என்று பென் டிரைவை நீட்டினார்.

"அது எதுக்குண்ணே, எல்லாம் எங்கிட்டயே இருக்கே" என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஒங்கிட்ட எப்படிடா இருக்கும்?"

வைரக்கண்ணு அவனைத் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். "எடு. காட்டு." ஜாபிர் கும்பிட்டான், வேண்டாம் என்றான். இவர் விடவில்லை. கடைசியில் அழாத குறையாகத் திறந்து காட்டினான்.

திரை முழுக்க வைரக்கண்ணு. வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் போட்டு, லேசான சிரிப்பு. சுற்றிலும் ரோஜாப்பூ. தலைக்கு மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. இந்தப் பக்கம் தோற்றம் என்று அவருடைய பிறந்த தேதி. அந்தப் பக்கம் மறைவு என்று போட்டு இடம் விட்டிருந்தது. கீழே வட்ட வட்டமாகத் தலைகள். காதர் மைதீன், நடராசன், வந்து போன அத்தனை பேரும். முதல் வட்டம் மற்றதைவிடப் பெரிதாக, அதில் குஞ்சிதபாதம். ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் அவர் வீட்டுப் பச்சைச் சுவர். அந்தச் சாய்ந்த வெளிச்சம் அவர் பிடித்த வெளிச்சம். தன் சாவுக்கு வேண்டிய படத்தையெல்லாம் தலையணையில் கேமராவை வைத்துத் தானே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"குஞ்சிதபாதம் இத எப்ப குடுத்தான்?" என்று கேட்டார்.

"ஐப்பசியிலயே. அப்புறம் வந்த தலையெல்லாம் ஒண்ணொண்ணா சேத்தேன். சேதி வந்ததும் தேதிய மட்டும் போட்டு அடிச்சுடணும், அலையக் கூடாதுன்னாங்க." ஜாபிர் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. குஞ்சண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. எல்லாருகிட்டயும் அவங்கதான் சொல்லி அனுப்புனாங்க. வைரக்கண்ணுகிட்டப் போயி ஒரு படம் எடுத்துக்குங்கடா, அதை எனக்கு அனுப்புங்கடா, பேனர்ல நல்லா வரும்னு."

நடவை விட்டுவிட்டு வந்ததும், குடை பிடித்து வந்ததும், நடராசன் இஸ்திரிச் சட்டையோடு வந்ததும் இதற்குத்தானா! எத்தன பேரு பாத்தியா என்று பொண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டதை நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பாவிப் பயல்களா என்று வாய்விட்டே சொன்னார். பென் டிரைவை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தார். ஜாபிர் பின்னாலேயே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தான்.

குஞ்சிதபாதம் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. ஈசானி மூலையில் மாவிலையும் மஞ்சளுமாகப் பந்தக்கால். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சீரியல் பல்பு கட்டுகிறவனை ஏவிக்கொண்டிருந்தார். வைரக்கண்ணுவைப் பார்த்ததும் ஏணியை விட்டுவிட்டு ஓடிவந்தார். "டேய்! ஏன்டா அலையிற? சொல்லியிருந்தா நான் வண்டியில கூட்டியாந்திருப்பேன்ல?"

"ஜாபிர் கடைக்குப் போயிருந்தேன்" என்றார் வைரக்கண்ணு.

அவ்வளவு போதும். குஞ்சிதபாதம் அவர் கையைப் பிடித்துப் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். "தப்பா நெனைக்காதடா. ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் என்னயத் தனியா கூப்புட்டு, தை வரைக்கும் தாங்குறது கஷ்டம்னு சொன்னாரு. நான் யாருகிட்டச் சொல்லி அழுவேன்? ஒனக்கு அசிங்கமா ஒரு படம் ரோட்டுல நிக்கக் கூடாது பாரு. நீதானடா கத்துவ, ரேஷன் கார்டு படம், ரேஷன் கார்டு படம்னு. ஒனக்கு நல்லபடியா செய்யணும்னுதான்டா செஞ்சேன்."

"செத்தப்புறம் செய்யிறதுக்கு ஊரு இருக்குடா. உசுரோட இருக்கறப்ப எனக்கு நீ ஒருத்தன்தான்டா இருந்த."

குஞ்சிதபாதம் அவர் தோளிலிருந்த கேமராப் பையை வாங்கப் போனார். வைரக்கண்ணு விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் பொழைச்சு வருவேன்னு ஒரு நாளாச்சும் நெனைச்சியா?"

பொய்யாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன மனுஷனுக்கு அந்த நேரம் பார்த்துப் பொய் வரவில்லை. பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் சத்தம் கேட்டு எழில்மொழி ஓடிவந்தாள். "மாமா! எந்திரிச்சு நடக்குறீங்களா! அப்பா ஒண்ணுமே சொல்லல!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை. தோளில் தொங்கிய கேமராப் பையைப் பார்த்ததும் முகம் மாறியது. "ஆனா மாமா, நீங்க வர முடியாதுன்னு அப்பா ஐப்பசியிலயே மாயவரத்துல ஒரு டீமைச் சொல்லிட்டாங்களே. டிரோனெல்லாம் கொண்டாராங்க. நாந்தான், மாமா எடுத்தா எப்படி இருக்கும்னு அழுதேன்."

அதுவும் ஐப்பசியிலேயே. வைரக்கண்ணு எந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்தாரோ, அதன் மறுமுனையைக் குஞ்சிதபாதம் எப்போதோ விட்டுவிட்டிருக்கிறார். இத்தனை நாளாக ஒரு கல்யாணத்துக்காகத் தேறிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்தில் அவருக்கு வேலையே இல்லை.

அவர் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். "அந்தப் பந்தக்கால் பக்கத்துல போயி நில்லும்மா" என்றார். எழில்மொழி போய் நின்றாள். மதிய வெயில் பந்தல் கீற்று வழியாக அவள் மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது. ஏணியில் சாய்ந்துகொண்டு எடுத்தார். குஞ்சிதபாதம் தயங்கித் தயங்கி வந்து மகள் பக்கத்தில் நின்று, துண்டைச் சரி செய்துகொண்டார். எத்தனையோ வருஷப் பழக்கம் அது. வைரக்கண்ணு கேமராவை இறக்கிவிட்டார்.

"நீ வேணாம். ஒம்படம் ஜாபிர்கிட்ட இருக்கு."

எழில்மொழி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளிருந்து குஞ்சிதபாதத்தின் மனைவி தையல்நாயகி காப்பியோடு வந்தாள். வைரக்கண்ணு காப்பியை வாங்கி நின்றபடியே முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கேமராவைப் பையில் வைத்து மூடினார்.

"வர்றேன் தங்கச்சி" என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே அம்சத்தை அழைச்சுட்டு வந்துடுங்கண்ணே" என்றாள் தையல்நாயகி.

"வர்றேம்மா எழிலு. நல்லா இருக்கணும்" என்று அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். ஏணி மேலே பல்பு கட்டிக்கொண்டிருந்தவனைக்கூட அண்ணாந்து பார்த்து, "வர்றேன் தம்பி" என்றார். அவன் யாரென்றே அவருக்குத் தெரியாது.

குஞ்சிதபாதம் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வைரக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறினார். திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, அவரைத் தாண்டிப் போய், செருப்பை மாட்டினார்.

"டேய்… சொல்லிட்டுப் போடா" என்றார் குஞ்சிதபாதம். "வைரக்கண்ணு, டேய், வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போடா!"

வைரக்கண்ணு பேசாமல் தெருவில் இறங்கி நடந்தார்.